பெட்டி மூடிய பிறகு நமக்கு என்ன வேலை?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், ஆண்டறிக்கை வாசிக்கப்பட்ட பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

செயலாளர் அவர்கள் வரவு செலவை வாசித்தார்கள். பைத்துல்மால் கணக்கையும் வாசித்தார்கள். அதன்பின் சில நிமிடங்கள் நம்மைப் பேசப் பணித்திருக்கிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் தொழுகையின் சிறப்பையோ ஜகாத்தின் கடமையையோ பற்றி நாம் பேசுவதுண்டு. இன்று ஒரு புதிரைக் கொண்டு வந்திருக்கிறோம். புதிரில் தொடங்கினாலும், முடிக்கும்பொழுது நம் பைத்துல்மால் கணக்கில்தான் வந்து முடிப்போம். சற்றுப் பொறுமையுடன் செவி தாழ்த்துமாறு கேட்டுக் கொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் இஷாத் தொழுகை முடிந்து, விளக்குகளை அணைக்கும் நேரத்தில், கல்லூரியில் படிக்கும் நம் மஹல்லாத் தம்பி ஒருவர் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், எல்லாம் முன்பே எழுதி முடிந்துவிட்டது என்று ஓதித் தருகிறீர்கள். அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன்? என் தேர்வு என்று ஒன்று உண்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தம் பேராசிரியர் வகுப்பில் சொன்ன ஒரு புதிரையும் சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் புதிர் இதுதான்.

உங்கள் முன் இரண்டு பெட்டிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆயிரம் ரூபாய் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மற்றொன்று மூடிய பெட்டி. அதற்குள் பத்து லட்சம் ரூபாய் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக் கொள்ளலாம். அல்லது மூடிய பெட்டியை மட்டும் எடுத்துக் கொள்ளலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. மனிதர்களின் இயல்பை நன்கறிந்த ஒரு கணிப்பாளர் நேற்றே உங்களைப் பற்றிக் கணித்துவிட்டார். நீங்கள் மூடிய பெட்டியை மட்டும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் அதற்குள் பத்து லட்சத்தை வைத்திருப்பார். இரண்டையும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் அதை வெறுமையாக விட்டிருப்பார். இதுவரை அவர் செய்த கணிப்புகள் பெரும்பாலும் தவறியதில்லை. பெட்டி மூடியாயிற்று, அவரும் சென்றுவிட்டார். இப்பொழுது நீங்கள் என்ன செய்வீர்கள்?

(இது சூதாட்டமாயிற்றே என்று எவரும் கலங்க வேண்டாம். இதில் பந்தயமும் இல்லை, பணமும் இல்லை. சிந்தனைக்காகக் கற்பனை செய்யப்பட்டது மட்டுமே.)

இந்தப் புதிரை 1960இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் வில்லியம் நியூகோம்ப். இதைப் பற்றி முதன்முதலில் கட்டுரை எழுதி 1969இல் வெளியிட்டவர் ராபர்ட் நோசிக் என்னும் தத்துவப் பேராசிரியர். 1973இல் மார்ட்டின் கார்ட்னர் என்பவர் ஓர் அறிவியல் இதழில் எழுதிய பிறகு இது உலகெங்கும் பரவியது. நோசிக் ஒரு விந்தையைக் குறிப்பிடுகிறார். இந்தப் புதிரைக் கேட்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் விடை தெள்ளத் தெளிவாகத் தெரிகிறதாம். ஆனால் பாதிப் பேருக்கு ஒரு விடையும், மீதிப் பேருக்கு நேர் எதிர் விடையும் தெளிவாகத் தெரிகிறதாம். ஒவ்வொரு தரப்பும் மறு தரப்பை அறியாதவர்கள் என்று எண்ணுகிறதாம். 2020இல் தத்துவப் பேராசிரியர்களிடையே நடத்தப்பட்ட ஒரு கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இரண்டு பெட்டிகளையும், 31 விழுக்காட்டினர் ஒரு பெட்டியையும் தேர்ந்தனர். அறுபது ஆண்டுகள் கடந்தும் வழக்குத் தீரவில்லை.

இரு தரப்பின் வாதத்தையும் கேளுங்கள்.

இரண்டையும் எடுப்போம் என்பவர் கூறுவதாவது: "பெட்டி நேற்றே மூடப்பட்டுவிட்டது. அதற்குள் பணம் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. நான் இன்று கை நீட்டுவதால் நேற்று வைத்தது மாறப்போவதில்லை. உள்ளே பத்து லட்சம் இருந்தால் இரண்டையும் எடுப்பவனுக்கு ஆயிரம் கூடுதல். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆயிரம் கூடுதல். எப்படியிருப்பினும் இரண்டையும் எடுப்பதே லாபம்."

ஒன்றை மட்டும் எடுப்போம் என்பவர் கணக்குப் போடுகிறார்: "கணிப்பாளர் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகக் கணிக்கிறார் என்று கொள்வோம். மூடிய பெட்டியை மட்டும் எடுத்த 100 பேரில் 90 பேருக்குப் பத்து லட்சம் கிடைத்திருக்கும். அவர்கள் அனைவரும் சேர்ந்து பெற்றது 9 கோடி. இரண்டையும் எடுத்த 100 பேரில் 10 பேருக்குத்தான் பத்து லட்சம் கிடைத்திருக்கும். எல்லோருடைய ஆயிரத்தையும் சேர்த்தாலும் 1 கோடியே 1 லட்சம்தான். ஆகவே இரண்டையும் எடுப்பவர்கள் வாதத்தில் வென்று வறுமையில் வீடு திரும்புகிறார்கள்."

அன்பிற்குரியவர்களே! புதிரின் பெயர் புதியது. ஆனால் அதனுள் இருக்கும் கேள்வி மிகப் பழையது. நபித்தோழர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள்.

அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு ஜனாஸாவின்போது நபி (ஸல்) அவர்கள், சுவனமோ நரகமோ ஒவ்வொருவருடைய இடமும் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்ற கருத்தைக் கூறினார்கள். உடனே தோழர்கள் எழுப்பிய வினா என்ன? அப்படியானால் எழுதப்பட்டதை நம்பி, அமல் செய்வதை விட்டுவிடலாமே என்பதுதான். பெட்டி மூடியாயிற்றே, இனி நாம் என்ன செய்தால் என்ன என்பதே அதன் சாரம். நபி (ஸல்) அவர்கள் அந்தக் கேள்வியைக் கண்டிக்கவில்லை. கேட்டவரை விரட்டவும் இல்லை. செயல்படுமாறு பணித்துவிட்டு, எவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அதற்குரிய செயல் அவருக்கு எளிதாக்கப்படும் என்ற கருத்தை விளக்கினார்கள்.

இதில் அடங்கியுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். முடிவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது, செயல் எழுதப்படாமல் வெளியே நிற்கிறது என்று எண்ணினால்தான் செயலைக் கைவிடத் தோன்றும். ஆனால் முடிவும், அந்த முடிவுக்கு இட்டுச் செல்லும் செயலும் சேர்ந்தே எழுத்தில் உள்ளன. பிள்ளை என்னும் பாக்கியம் எழுதப்பட்டவருக்குத் திருமணமும் எழுதப்பட்டிருக்கிறது. அறுவடை எழுதப்பட்டவருக்கு விதைப்பும் எழுதப்பட்டிருக்கிறது. விதைக்காமல் வரப்பில் அமர்ந்துகொண்டு, அறுவடை என் நஸீபில் இருந்தால் தானே வரும் என்று சொல்பவர் எழுத்தின் பாதியைக் கிழித்துவிட்டு மீதியைப் படிக்கிறார்.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டிலும் இந்தச் சோம்பல் வாதம் உலவியது. நோயாளி பிழைப்பான் என்று விதி இருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைப்பான்; சாவான் என்றால் அழைத்தாலும் சாவான்; ஆகவே மருத்துவரை அழைப்பது வீண் என்றார்கள் சிலர். கிரிசிப்பஸ் என்னும் அறிஞர் இதற்கு மறுமொழி கூறினார். மருத்துவரை அழைப்பதும் பிழைப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தே விதிக்கப்பட்டிருக்கலாமே என்பதுதான் அது. நம் மார்க்கத்தில் இக்கேள்வி இன்னும் தெளிவாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. மருந்தும் ஓதிப் பார்த்தலும் அல்லாஹ்வின் கத்ரைத் தடுக்குமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபொழுது, அவையும் அல்லாஹ்வின் கத்ரில் உள்ளவையே என்று அவர்கள் விளக்கியதாகத் திர்மிதீயில் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதையே விளக்குகிறார்கள். உணவு முன்னே இருக்கையில் கையை நீட்டாமல், அல்லாஹ் நாடினால் அது தானே வாய்க்குள் வரும் என்று காத்திருப்பது தவக்குல் அன்று, அறியாமை என்பது அவர்களின் கருத்து.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி 17, 18 ஆண்டுகளை ஒட்டிய காலம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபொழுது, படைத் தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் பிறரும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்சாரிகளை அழைத்து ஆலோசித்தார்கள். குறைஷியரின் மூத்தவர்களையும் அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் திரும்பிச் செல்வதென முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கிச் செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இரு கரைகள் கொண்ட பள்ளத்தாக்கு ஒன்றை உவமையாகவும் கூறினார்கள். ஒரு கரை செழிப்பு, மறு கரை வறட்சி. ஒட்டகங்களை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே நடக்கிறது. அதற்காக வறண்ட கரையில் மேய்ப்பவரை எவரும் மெச்சுவதில்லை. பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் கூடாது, அங்கிருந்து தப்பி வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபொழுது நம் பள்ளிவாசலிலும் ஜும்ஆ நின்றது. பனியன் கம்பெனிகள் மூடப்பட்டு, வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு நின்ற காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பொழுதும் சிலர், "எழுதியிருந்தால் வரும், பள்ளியை ஏன் பூட்ட வேண்டும்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு நாம் சொன்னது இந்த ஸர்க் வரலாற்றைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பெட்டி வைத்த கணிப்பாளரையும் எல்லாம் அறிந்த ரப்பையும் ஒன்றாக வைத்து எவரும் ஒப்பிட்டுவிடக் கூடாது. கணிப்பாளர் அடையாளங்களைக் கண்டு ஊகிக்கிறார், ஊகம் தவறலாம். அல்லாஹ்வின் இல்மு ஊகமன்று. மதரஸாவில் நாம் ஓதிய ஷர்ஹுல் அகாயிதிலும் அதன் விளக்கங்களிலும் இது பற்றிய நெடிய விவாதம் உண்டு. மனிதனுக்குத் தேர்வே இல்லை, அவன் காற்றில் பறக்கும் இறகு என்றனர் ஜபரிய்யாக்கள். விதியே இல்லை என்றனர் கதரிய்யாக்கள். அஹ்லுஸ் சுன்னத் வல் ஜமாஅத்தின் இமாம்கள் இரண்டுக்கும் நடுவே நின்றார்கள். படைப்பது அல்லாஹ், தன் நாட்டத்தால் அதை ஈட்டிக் கொள்வது அடியான் என்றார்கள். இந்த ஈட்டலுக்குக் கஸ்ப் என்று பெயர். மேலும், அறிவு அறியப்படும் பொருளைப் பின்பற்றுகிறது என்றும் கூறினார்கள். அதாவது நீங்கள் இன்ன காரியத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று அறியப்பட்டிருப்பது, நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதனால்தான். அறிவு உங்கள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. அபூலஹபைப் பற்றிய அத்தியாயம் அவன் உயிரோடிருக்கும்பொழுதே இறங்கியதை வைத்தும் கலாம் கலை அறிஞர்கள் இதே கேள்வியைப் பல பக்கங்களில் அலசியிருக்கிறார்கள். ஆகவே, இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளை ஈமான் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் முன்னோர் கேட்ட கேள்வி.

உஸ்தாதுமார்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒரு விதியும் உண்டு. நடந்து முடிந்த துன்பத்தில் கத்ரைச் சொல்லி ஆறுதல் அடையலாம். செய்யப்போகும் தவறுக்குக் கத்ரைச் சாக்காகச் சொல்லலாகாது. ஏனெனில் செய்யும் முன் எழுத்தில் என்ன இருக்கிறது என்று நாம் எவரும் பார்த்ததில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். டேவிட் லூயிஸ் என்னும் தத்துவ அறிஞர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்தப் பெட்டிப் புதிரும், ஒரே நிலையில் உள்ள இருவர் தனித்தனியே முடிவெடுக்கும் மற்றொரு பிரபலமான புதிரும் உண்மையில் ஒன்றே என்று காட்டினார். என்னைப் போன்றே சிந்திக்கும் ஒருவன் அடுத்த அறையில் இருக்கிறான். நான் துரோகம் செய்யும் காரணத்துக்காகவே அவனும் துரோகம் செய்வான். அப்படியிருக்க, அவன் என்ன செய்தாலும் எனக்குத் துரோகமே லாபம் என்று நான் கணக்குப் போட்டால் இருவருமே அழிவோம். இதைப் புரிந்துகொள்ள நாம் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. நொய்யல் கரைக்குச் சென்றால் போதும்.

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்காரர் மனத்திலும் ஓடிய கணக்கு என்ன? "மற்றவர்கள் எல்லோரும் சுத்திகரித்தால், நான் ஒருவன் விடும் தண்ணீரால் ஆறு கெட்டுவிடாது. மற்றவர்கள் சுத்திகரிக்காவிட்டால், நான் ஒருவன் சுத்திகரிப்பதால் ஆறு தேறிவிடாது. எப்படியிருப்பினும் எனக்குச் செலவு மிச்சம்." இரண்டு பெட்டிகளையும் எடுப்பவரின் வாதம் அட்சரம் பிசகாமல் இங்கே இருக்கிறது. ஆனால் அடுத்த பட்டறைக்காரரும் அதே படிப்பு, அதே தொழில், அதே நெருக்கடி உள்ளவர். அவரும் அதே கணக்கைப் போட்டார். விளைவு என்ன? பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறின. அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டுப் படிப்படியாகவே அவை திறந்தன. இடைப்பட்ட காலத்தில் எந்தத் தவறும் செய்யாத டைலர்களும், செக்கிங் வேலை பார்த்த பெண்களும் சனிக்கிழமைச் சம்பளமின்றித் தவித்ததை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

ஒவ்வொருவருடைய கணக்கும் தனியே பார்த்தால் சரி. எல்லோருடைய கணக்கும் சேர்ந்தபொழுது ஆறு செத்தது. ஆகவே நான் என்ன செய்தால் எனக்கு லாபம் என்று மட்டும் கேட்பது போதாது. என்னைப் போன்ற நிலையில் உள்ள எல்லோரும் இப்படியே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். ஒருவருடைய முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் அவரைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் அது காட்டிவிடுகிறது.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! இதுவரை பெட்டியின் முன் நிற்பவரைப் பற்றிப் பேசினோம். இப்பொழுது பெட்டியை வைப்பவரைப் பற்றிப் பேச வேண்டும். ஏனெனில் அந்த இடத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம்.

இன்று வங்கிக்குச் சென்றால், உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கணினியில் உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். 300 முதல் 900 வரையிலான அந்த எண், நீங்கள் கடனைத் திருப்பிச் செலுத்துவீர்களா மாட்டீர்களா என்பதை நீங்கள் தீர்மானிக்கும் முன்பே கணிக்கிறது. வங்கியை நாம் குறை கூறலாம். ஆனால் நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களை நிர்வாகிகள் மூவரும் நாமும் உட்கார்ந்து பார்க்கும்பொழுது செய்வதும் இதேதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் மனு வந்தது. அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஓவர்லாக் டைலராக இருந்த அவர், பழைய மிஷின் இரண்டு வாங்கி வீட்டிலேயே பவர்டேபிள் போட நாற்பதாயிரம் ரூபாய் கேட்டிருந்தார். அவருடைய தகப்பனார் பல ஆண்டுகளுக்கு முன் இதே பைத்துல்மாலில் பதினைந்தாயிரம் வாங்கித் திருப்பிச் செலுத்தாமல் ஊரை விட்டுச் சென்றவர். மனுவைப் படித்ததும் குழுவில் ஒரு மௌனம். அந்த மௌனத்தைக் கலைத்தவர் நாமே. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்றோம். நூல் ஊரில் அந்தப் பழமொழி எளிதாக எடுபட்டது. எல்லோரும் தலையசைத்தார்கள். அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமலேயே மனு தள்ளுபடியானது.

அவர் வாரவட்டிக்குக் கடன் வாங்கி மிஷின் வாங்கினார். ஆர்டர் குறைந்த மாதத்தில் தவணை தவறியது. வட்டி ஏறியது. மிஷின்களை வந்த விலைக்கு விற்றார். வீட்டையும் மாற்றிக் கொண்டார். நம் பள்ளியில் ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். செய்தி குழுவுக்கு வந்தபொழுது, "நல்லவேளை, கொடுத்திருந்தால் நம் பணமும் போயிருக்கும், ஹஜ்ரத் அன்றே சரியாகச் சொன்னார்கள்" என்று ஒருவர் பாராட்டினார். நாமும் அந்தப் பாராட்டை மறுக்காமல் ஏற்றுக் கொண்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

கல்லூரித் தம்பி புதிரைச் சொன்ன இரவில்தான் இது நம் நினைவுக்கு வந்து உறுத்தியது. நம் கணிப்பு பலித்ததா? அல்லது நம் கணிப்பே அவரை வட்டிக்காரரிடம் தள்ளி, அதன் மூலம் தன்னைத் தானே பலிக்கச் செய்து கொண்டதா? வட்டியில்லாக் கடனில் அவர் எப்படி நடந்திருப்பார் என்பதை வட்டிக் கடனில் அவர் விழுந்ததை வைத்து எப்படி அறிய முடியும்?

மறுநாள் பழைய கணக்குப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தோம். கடன் பெற்றவர்களில் எவர் திருப்பிக் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்பது வரிசையாக இருந்தது. நல்ல குடும்பம் என்று யோசிக்காமல் நாம் கொடுத்த ஒருவர் ஓராண்டுக்கும் மேலாகப் பாக்கி வைத்திருந்தார். எவரும் அவரிடம் பழமொழி சொல்லவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. கொடுத்தவர் விஷயத்தில் நம் கணிப்பு தவறினால் பாக்கியாகத் தெரியும். மறுத்தவர் விஷயத்தில் தவறினால் அது ஒருபொழுதும் நமக்குத் தெரியாது. அந்தப் பெட்டியை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் நம் கணிப்பு தவறுவதே இல்லை என்று நாம் இத்தனை ஆண்டுகள் நம்பியிருக்கிறோம். மறைவான ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது என்று மிம்பரில் ஓதிவிட்டு, கீழே இறங்கி ஒரு பிள்ளையின் நாளையை நாமே எழுதியிருக்கிறோம்.

முத்தவல்லி அவர்களை அழைத்துக் கொண்டு அந்த இளைஞரின் வீட்டைத் தேடிச் சென்றோம். மாஃப் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. தேநீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், அத்தா வாங்கிய பதினைந்தாயிரத்தையும் மாதம் ஐநூறாக நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லத்தான் அன்றைக்குக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை."

நமக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அவர் இன்றும் ஷிப்ட் வேலைக்குத்தான் செல்கிறார். மீண்டும் மனு கொடுக்கவில்லை. கொடுக்குமாறு நாம் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் அடுத்து வரும் பிள்ளைக்காக இந்தப் பொதுக்குழுவின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். தகப்பனாரின் பாக்கியைக் காட்டிப் பிள்ளையின் மனுவைத் தள்ளக் கூடாது; ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்காமல் எந்த மனுவும் தள்ளுபடியாகக் கூடாது. ஐயம் இருந்தால் முழுவதையும் மறுப்பதற்குப் பதிலாகச் சிறு தொகையை ஜாமீனோடு கொடுத்து, அது திரும்பிய பின் அடுத்த தொகையைக் கொடுக்கலாம். மறுக்கப்பட்ட மனுக்களையும் காரணத்தோடு புத்தகத்தில் எழுதி, ஆறு மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். பைத்துல்மால் பணம் அமானிதம் என்பதை நாம் மறக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வருகிறது. ஜாமீனும் எழுத்தும் அந்தக் கயிறு. கயிறு கட்டுங்கள், அதற்காக ஒட்டகமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கடன் பெறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கைக்கு வந்துவிட்டது, பெட்டி திறந்தாயிற்று, இனிக் கொடுக்காவிட்டால் என்ன செய்துவிடுவார்கள் என்று எண்ணுபவர் தம் கணக்கை மட்டும் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரின் பெட்டி அவருடைய கையால் வெறுமையாகிறது. அந்தத் தகப்பனாரின் பதினைந்தாயிரம் அவருடைய சொந்தப் பிள்ளையின் பெட்டியை எப்படி வெறுமையாக்கியது என்பதை இப்பொழுதுதான் சொன்னோம்.

கடைசியாக, கல்லூரித் தம்பிக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்று கேட்பீர்கள். அவர் இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். "ஹஜ்ரத், நீங்களாக இருந்தால் எந்தப் பெட்டி?" என்று விடாமல் கேட்டார். மூடிய பெட்டியை மட்டும் எடுப்போம் என்றோம். இரண்டையும் எடுப்பவரின் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இன்றைய கை நேற்றைய பெட்டியை மாற்றாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணிப்பாளர் நேற்று பார்த்தது நம் கையையா? நம் இயல்பையும் நிய்யத்தையும் அல்லவா அவர் பார்த்தார்! நேரம் வரும்பொழுது இரண்டையும் அள்ளிக் கொள்ளலாம் என்ற எண்ணத்தை உள்ளத்தில் வைத்திருப்பவருக்குத்தான் வெறும் பெட்டி வைக்கப்படுகிறது. ஆகவே, பெட்டியின் முன் நிற்கும் நொடியில் வாதம் செய்வதை விட, நேற்றும் அதற்கு முந்திய நாட்களிலும் நாம் எப்படிப்பட்டவர்களாக இருந்தோம் என்பதே பெரிது. நாளைக்கான நேற்று இன்றுதான். அதைச் சீராக்கும் வாய்ப்பு இந்த நொடியில் நம் கையில் இருக்கிறது.

எழுதப்பட்டதை அறிய நம்மை அல்லாஹ் பணிக்கவில்லை; ஏவப்பட்டதைச் செய்யவே பணித்திருக்கிறான். நம் நிய்யத்துகளை அவன் சீராக்குவானாக! நம்மால் கதவு சாத்தப்பட்டவர்களுக்கு அவன் தன் கருணையின் கதவைத் திறப்பானாக! பிறர் நாளையைப் பற்றி அவசரத் தீர்ப்புக் கூறும் நாவிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.